மங்கிஸ்தாவ் பாலைக்குப் போக ஆசையா? டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பொஸ்ஜிராவின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைப் படத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இங்கே எப்படிப் போவது?" பதில் ஓரிடத்தில் கிடைக்காது. பாதி ரஷ்ய மொழிப் பக்கங்களில் இருக்கும், மீதி ஏஜென்சிக்காரர்களின் வாட்ஸ்அப்பில் இருக்கும், காணொளிகளோ இசை போட்டு முடித்துவிடும். நான் வாரக்கணக்கில் அலைந்து சேர்த்ததை இங்கே வரிசையாகத் தருகிறேன். இது மேற்குக் கஜகஸ்தானில், காஸ்பியன் கடலோரமாக இருக்கும் மங்கிஸ்தாவ் மாகாணத்துக்கான வழிகாட்டி. அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு அல்மாட்டி பக்கத்துப் பள்ளத்தாக்குகளைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களுக்கு விமான டிக்கெட், ஓட்டல், பிறகு வண்டி என்று போவோம். இங்கே வண்டியும் ஓட்டுநரும் உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம்.

1. முதலில் எந்த அக்தாவ் என்று பாருங்கள்

கஜகஸ்தானில் இரண்டு அக்தாவ் உண்டு. ஒன்று மங்கிஸ்தாவின் தலைநகரமான துறைமுக நகரம். இன்னொன்று அல்மாட்டிக்கு அருகே அல்தின் எமெல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் வெள்ளை மலை. இரண்டுக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு இடத்துப் படங்களும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், திட்டம் போடும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சுலபம். "அக்தாவ் டூர்" என்று யாராவது மலிவாகச் சொன்னால், எங்கிருந்து கிளம்பும் என்று கேளுங்கள். அல்மாட்டியிலிருந்து காலையில் கிளம்பும் என்றால் அது மலைதான்.

நகரத்தை மையமாக வைத்தால் பார்க்க வேண்டியவை இரண்டு திசைகளில் பிரிகின்றன. வடகிழக்கே ஷெத்பே வழியாகப் போனால் கல் உருண்டைகள் சிதறிக் கிடக்கும் தோரிஷ் பள்ளத்தாக்கு, ஷெர்கலா மலை, துஸ்பாயிர் உப்புச் சதுப்பு. தென்கிழக்கே ஜனாவோசென் வழியாகப் போனால் கடல்மட்டத்துக்கு 132 மீட்டர் கீழே இருக்கும் கராகியே பள்ளம், சிவப்பும் வெள்ளையும் அடுக்கடுக்காக இருக்கும் கிஸில்குப், பொஸ்ஜிரா, பெக்கெத் அத்தா நிலத்தடி மசூதி. இரண்டு திசையையும் சேர்த்துப் பார்க்க நான்கு பகல், மூன்று இரவு வேண்டும். இரண்டு நாளில் எல்லாம் காட்டுகிறேன் என்பவர் வண்டி ஜன்னல் வழியாகத்தான் காட்டுவார். இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பொஸ்ஜிரா பக்கம் மட்டும் போங்கள்.

2. மாதம்

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சென்னைக்காரருக்கு 40 பெரிதா என்று நினைக்கலாம். இங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போய், காற்றும் சேர்ந்து அடிக்கும்.

மழை குறைவான நிலம்தான், ஆனால் ஒரு மழை போதும். களிமண் தரை சோப்பு மாதிரி வழுக்கும், வண்டி நகராது. துஸ்பாயிரில் மேலே வெள்ளையாகக் காய்ந்தது போலத் தெரியும் உப்பின் அடியில் சேறு இருக்கும். அதனால் பயணத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டு வையுங்கள்.

3. வண்டியும் ஓட்டுநரும்

தானே ஓட்டிப் போகலாமா என்பதுதான் எல்லாருக்கும் வரும் முதல் சபலம். வேண்டாம் என்பேன். அக்தாவிலிருந்து ஜனாவோசென் வரை நல்ல தார்ச்சாலை. அதற்குப் பிறகு தார்ச்சாலையை விட்டு இறங்கினால் டயர் தடங்கள்தான் பாதை. ஒரே இடத்தில் ஏழெட்டுத் தடங்கள் பிரியும். எது பாறை விளிம்புக்குப் போகும், எது மழைக்குப் பிறகு மூழ்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் இருக்காது. தனி வண்டியில் போய் மாட்டிக்கொண்டால், அடுத்த வண்டி வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்படியும் ஓட்டியே தீருவேன் என்றால், ஊரிலேயே ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். அதன் படத்தை வாடகைக் கம்பெனிக்கு முன்கூட்டியே அனுப்பி, இதை ஏற்பீர்களா, தார்ச்சாலை விட்டு இறங்கலாமா என்று இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தார்ச்சாலை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த வண்டி மங்கிஸ்தாவுக்கு உதவாது.

ஓட்டுநரோடு வண்டி எடுக்கும்போது பொதுவாக மூன்று வகை கிடைக்கும். ரஷ்யத் தயாரிப்பான உவாஸ் வேன் (ரொட்டி போன்ற வடிவத்துக்காக அங்கே "புகான்கா" என்றுதான் சொல்வார்கள்), மிட்சுபிஷி டெலிகா, டொயோட்டா லேண்ட் க்ரூசர். புகான்காவில் ஏசி இருக்காது, தூக்கித் தூக்கிப் போடும், ஆனால் எங்கே பழுதானாலும் ஓட்டுநரே சரிசெய்துவிடுவார். முதுகுவலி உள்ளவர்கள், பெரியவர்கள் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று.

விலை ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. ஓட்டுநர், எரிபொருள் சேர்த்து ஒரு நாளைக்குத் தோராயமாக 150 முதல் 250 டாலர் வரை கேட்கிறார்கள். டென்ட், சாப்பாடு சேர்ந்தால் கூடும். இருவர் போனால் கையைக் கடிக்கும், நால்வர் போனால் தாங்கும். வண்டியில் ஐந்தாவது ஆளைச் சேர்த்துச் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள். பையும் தண்ணீர்க் கேனும் ஏற்றிய பிறகு இடம் இருக்காது.

அட்வான்ஸ் அனுப்பும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

எந்தெந்த இடம், எந்த நாளில், பொஸ்ஜிராவில் மேல் விளிம்பு மட்டுமா, கீழ்ப் பள்ளத்தாக்குமா? இரண்டும் வேறு வேறு பாதை. பலர் மேல் விளிம்பை மட்டும் காட்டித் திருப்பிவிடுவார்கள்.

எரிபொருள், ஓட்டுநரின் சாப்பாடு, நுழைவுக் கட்டணம், விமான நிலையத்தில் அழைப்பது ஆகியவை விலையில் சேர்ந்தவையா?

எத்தனை டென்ட், எத்தனை ஸ்லீப்பிங் பேக், எத்தனை டிகிரி வரை தாங்கும்? எத்தனை லிட்டர் தண்ணீர்?

மழையால் ஒரு நாள் போனால் பணம் என்ன ஆகும்?

இரண்டாவது உதிரி டயர், காற்றடிக்கும் பம்ப், மண்வெட்டி, இழுவைக் கயிறு இருக்கின்றனவா?

கடைசிக் கேள்விக்கு "எல்லாம் இருக்கிறது" என்று பதில் வந்தால் படம் கேளுங்கள். நான் விசாரித்தவர்களில் ஒருவர் படம் கேட்டதும் பேச்சையே நிறுத்திவிட்டார். நல்லதாகப் போயிற்று.

மொத்தப் பணத்தையும் முன்னால் அனுப்ப வேண்டியதில்லை. கால்பங்கு அட்வான்ஸ், மீதி நேரில் என்பது நியாயம். ஆங்கிலம் பேசும் ஓட்டுநர் குறைவு. வழிகாட்டி தனியாக வேண்டுமென்றால் தனிக் கட்டணம். மொழிபெயர்ப்புச் செயலியில் ரஷ்ய மொழியையும் கஜக் மொழியையும் இணையம் இல்லாமல் இயங்குமாறு இறக்கி வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.

4. விசா: 14 நாள் கணக்கு

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2022 ஜூலை முதல் கஜகஸ்தான் விசா இல்லாமல் 14 நாள் அனுமதிக்கிறது. 180 நாளில் மொத்தம் 42 நாளைத் தாண்டக் கூடாது. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள். மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டிலுள்ள கஜகஸ்தான் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

இறங்கும் நாளையும் ஒரு நாளாக எண்ணித் திட்டமிடுங்கள். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால் தரையிறங்கினால் ஒரு நாள் போயிற்று. ஊர் திரும்பும் டிக்கெட்டைப் பன்னிரண்டாம் நாளுக்குள் போடுங்கள், விமானம் ரத்தானாலும் தப்பிக்கலாம். காலம் கடந்தால் அபராதம், அடுத்த முறை வருவதிலும் சிக்கல்.

அக்தாவிலிருந்து காஸ்பியன் கடலைக் கப்பலில் கடந்து அஜர்பைஜான் போகலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அது சரக்குக் கப்பல். நேர அட்டவணை கிடையாது, சரக்கு நிறைந்து காற்று அடங்கினால்தான் கிளம்பும். 14 நாள் கெடுவை வைத்துக்கொண்டு அதற்குக் காத்திருக்க முடியாது.

விசா இல்லை என்பதால் தாள்களும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி நிறுத்திக் கேட்கலாம். திரும்பும் டிக்கெட், முதல் சில இரவுகளுக்கான ஓட்டல் பதிவு, வண்டிக்காரரின் பயணத் திட்டம், பயணக் காப்பீடு, பணம் இருப்பதற்கான சான்று. எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். போனில் காட்டலாம்தான், வரிசையில் நிற்கும்போது சார்ஜ் இருக்க வேண்டும்.

நீங்கள் வந்திருப்பதை உங்களைத் தங்க வைப்பவர் மூன்று வேலை நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டல்கள் தாமாகச் செய்துவிடும். அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்தால், செய்தீர்களா என்று நீங்களே கேட்க வேண்டும். பாலையில் டென்ட்டில் கழியும் இரவுகளுக்கு முன்னும் பின்னும் ஒரு ஓட்டல் இரவு வைத்தால் தலைவலி இல்லை.

பயணக் காப்பீட்டில் சிறு எழுத்துகளைப் படியுங்கள். மலையேற்றம், கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டம் போன்றவற்றை விலக்கி வைக்கும் திட்டங்கள் உண்டு. தொலைவான இடத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அதில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

5. விமானம்

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. டெல்லி போய் அங்கிருந்து ஏர் அஸ்தானாவில் அல்மாட்டி போகலாம். அல்லது ஷார்ஜா, துபாய் வழியாகச் சுற்றிப் போகலாம். இண்டிகோவும் டெல்லி–அல்மாட்டி ஓட்டியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வழி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டதும் நிறுத்தியது. பழைய காணொளியை நம்பிக் கணக்குப் போடாமல், பதிவு செய்யும் நாளன்று என்ன ஓடுகிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்து போய்வர, முன்கூட்டிப் போட்டால் 35,000 முதல் 55,000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

அல்மாட்டியிலிருந்து அக்தாவுக்கு உள்நாட்டு விமானம் சுமார் மூன்று மணி நேரம். ரயிலும் உண்டு, இரண்டு நாளுக்கு மேல் ஆகும். 14 நாளில் அதற்கு இடமில்லை. மலிவுக் கட்டண விமானங்களில் பெட்டி எடைக்குத் தனிக் கட்டணம் என்பதை டிக்கெட் போடும்போதே பார்த்துச் சேர்த்துவிடுங்கள். இரண்டு விமானமும் தனித்தனி டிக்கெட் என்றால், நடுவில் ஓர் இரவு அல்மாட்டியில் தங்குவது உத்தமம்.

2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் ஒரே நேரம். நமக்கு அரை மணி பின்னால். நாடு அகலமானது என்பதால் அக்டோபரில் அல்மாட்டியில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அக்தாவில் ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

6. அனுமதிகள்

பொஸ்ஜிரா, தோரிஷ், துஸ்பாயிர் போன்ற இடங்களுக்கு வண்டிக்காரர் வழக்கமாகப் போய்வருவார். உஸ்த்யுர்த் இயற்கைக் காப்பகத்துக்குள் நுழைவது வேறு கதை. காப்பக நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அந்தப் பக்கம் பார்க்க ஆசை இருந்தால் பாஸ்போர்ட் நகலை வண்டிக்காரருக்கு இரண்டு வாரம் முன்னாலேயே அனுப்புங்கள். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அந்த இடத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தெற்கே துர்க்மெனிஸ்தான், கிழக்கே உஸ்பெகிஸ்தான் எல்லை. எல்லையோரப் பகுதிக்கும் தனி அனுமதி வேண்டும்.

டிரோனுக்கு முன் அனுமதி வேண்டும். அந்த அலைச்சல் படத்தின் அழகுக்கு ஈடாகாது என்பது என் கணக்கு.

இன்னொரு பெரிய பொறி நம் ஊரிலேயே இருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறோமே என்று சாட்டிலைட் போனோ, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவியோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இந்திய விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பாதுகாப்புச் சோதனையில் சிக்கிக் காவல் நிலையம் போனவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமானால் வண்டிக்காரரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

7. பணம்

நாணயம் தெங்கே. ஒரு ரூபாய்க்கு ஐந்து முதல் ஆறு தெங்கே வரை. சென்னையில் தெங்கே தேடி அலையாதீர்கள், டாலர் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். நோட்டு புதிதாக, கிழிசல், கறை, பேனா எழுத்து இல்லாமல் இருக்க வேண்டும்.

நகரத்தில் அட்டை செல்லும். ஆனால் கஜகஸ்தானில் பலரும் கஸ்பி செயலியில்தான் பணம் அனுப்புகிறார்கள், நம் ஊர் ஜிபே போல. உள்ளூர்க் கணக்கு இல்லாத நமக்கு அது கிடையாது. ஷெத்பே, ஜனாவோசென் கடைகளிலும் ஓட்டுநரிடமும் ரொக்கம்தான். அக்தாவை விட்டுக் கிளம்பும் முன் பயணம் முழுவதற்கும் தேவையான தெங்கேயைக் கையில் எடுத்துவிடுங்கள், அதில் சில்லறை நோட்டு அதிகம் இருக்கட்டும்.

சிம் கார்டை கம்பெனிக் கடையில் பாஸ்போர்ட் காட்டி வாங்குங்கள். நகர டாக்சிக்கு யாண்டெக்ஸ் கோ செயலி. விமான நிலைய வாசலில் கையைப் பிடித்து இழுப்பவர்கள் பல மடங்கு கேட்பார்கள்.

8. பையும் தண்ணீரும்

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். குளிப்பதை மறந்துவிடுங்கள். அக்தாவ் நகரமே கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறது என்றால் உள்ளே நிலைமை எப்படி என்று யோசியுங்கள். வழியில் தெரியும் கிணறுகள் கால்நடைக்கானவை, உப்புக் கரிக்கும்.

மே மாதத்திலும் இரவு குளிரும். காற்றுத் தடுப்பு ஜாக்கெட், உள்ளுக்கு ஒரு கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி, கணுக்கால் வரை மூடும் ஷூ. கண்ணில் மண் விழாமல் மூடிய கண்ணாடி. காற்றடித்தால் சாதாரண டென்ட் ஆணி பிடிக்காது, கல்லை வைத்துத்தான் கட்ட வேண்டும். அதைப் பழகிய ஓட்டுநரிடம் விட்டுவிடுங்கள்.

தேளும் பாம்பும் உண்டு, கரகுர்த் என்ற நச்சுச் சிலந்தியும் உண்டு. காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், டென்ட் ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். ஓஆர்எஸ், வயிற்றுப்போக்கு மாத்திரை, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள். அவசர எண் 112. ஆனால் சிக்னல் இருந்தால்தானே.

9. சாப்பாடு

சைவக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். கஜக் சாப்பாடு என்றால் ஆட்டிறைச்சியும் குதிரை இறைச்சியும்தான். காய்கறி சூப் என்று வருவதும் பெரும்பாலும் எலும்புச் சாறில் செய்ததாக இருக்கும். "பெஸ் மியாசா", அதாவது இறைச்சி இல்லாமல் என்று சொன்னால், இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். ரொட்டி, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக், தக்காளி வெள்ளரி சாலட், தயிர், முட்டை, தேநீர் என்று ஓட்டலாம்.

வெந்நீர் ஊற்றினால் வேகும் உப்புமா மிக்ஸ், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோனால் நான்கு நாள் தாராளமாகப் போகும். அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் அக்தாவ் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, அடுப்பு வண்டிக்காரருடையதாக இருக்கட்டும்.

10. பாலைக்குள்ளே

பொஸ்ஜிராவின் விளிம்பில் நின்று படம் எடுக்காதவர் இல்லை. அது சுண்ணாம்புப் பாறை, ஓரம் பொருபொருவென்று உதிரும். நிற்கும் இடத்துக்குக் கீழே வெறுமையாக இருக்கலாம், மேலிருந்து தெரியாது. விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளியே இருங்கள். பலத்த காற்றில் இன்னும் தள்ளி.

பெக்கெத் அத்தா சுற்றுலா இடமாக மாறிவிடவில்லை, யாத்திரைத் தலம்தான். முதலில் ஷோபான் அத்தாவை வணங்கிவிட்டு அங்கே போவது வழக்கம், ஓட்டுநரும் அப்படித்தான் போவார். பெண்கள் தலையை மூட வேண்டும், இருபாலரும் கைகால் மூடிய உடை. யாத்ரீகர் விடுதியில் தேநீரும் சாப்பாடும் கட்டணமில்லாமல் தருவார்கள். காணிக்கைப் பெட்டியில் மனமுவந்து போடுங்கள். மசூதி மலைச்சரிவில் கீழே இருக்கிறது, இறங்குவது எளிது, ஏறும்போதுதான் மூட்டு பேசும். பெரியவர்களை அழைத்துப் போனால் வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

சுறாப்பல், சிப்பிப் புதைபடிவம் எல்லாம் காலடியில் கிடக்கும். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். பையில் போட்டால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

11. அவ்வளவு தூரம் முடியாதென்றால்

அல்மாட்டியிலிருந்து கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில் சாரின் பள்ளத்தாக்கு. அதன் கோட்டைப் பள்ளத்தாக்கு என்ற பகுதியில் ஆறு வரை மூன்று கிலோமீட்டர் நடை. ஒரே நாளில் போய்த் திரும்பும் குழுப் பேருந்துகள் உண்டு. சாரினோடு கோல்சாய், காயிந்தி ஏரிகளையும் ஒரே நாளில் சேர்க்கும் பயணத்தை எடுக்காதீர்கள், நாள் முழுவதும் பேருந்தில்தான் போகும்.

அல்தின் எமெல் இன்னும் நல்ல பாலை. பாஸ்ஷி கிராமத்திலுள்ள பூங்கா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பாடும் மணற்குன்று ஒரு திசையில், வெள்ளை அக்தாவ் மலை வேறு திசையில். இரண்டையும் பார்க்க பாஸ்ஷியில் ஓர் இரவு தங்குங்கள். மணல் ஈரமாக இருந்தால் குன்று பாடாது. வண்டியில் எரிபொருளை நிரப்பிக்கொண்டே உள்ளே போங்கள்.

தேசியப் பூங்காக் கட்டணங்களை அந்நாட்டின் மாதக் கணக்கீட்டு அலகின் (கட்டணம், அபராதம் போன்றவற்றைக் கணக்கிட அரசு வைத்திருக்கும் அடிப்படைத் தொகை) ஒரு பங்காக வைத்திருக்கிறார்கள். 2025-இல் அந்த அலகு 3,932 தெங்கே. ஜனவரி பிறந்தால் அது ஏறும், கட்டணமும் கூடவே ஏறும். பழைய பதிவுகளில் போட்டிருக்கும் தொகையைவிடக் கூடக் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள், சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.